செத்த கம்ப்ரசரும் சாகாத அண்ணனும்

பிரியமானவர்களே, சபை விருந்தில் ஜோக் அடிக்கிற ஜோசப்பைத்தான் உங்களுக்குத் தெரியும். சொந்த அண்ணன் தலைக்குப் பைப் ரென்ச்சை எறிந்த ஜோசப்பை இன்றைக்குத்தான் பார்க்கப்போகிறீர்கள்.

ஸ்ரீராம்புரத்தில் கீழ்வீடு எட்வின் அண்ணனுக்கு, மேல்வீடு எனக்கு. மொட்டைமாடியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு ஹீட் பம்ப். காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீரைக் காய்ச்சும் மெஷின். போன ஜூலையில் அதன் கம்ப்ரசர் நின்றுபோனது. மாற்ற நாற்பத்திரண்டாயிரம் ஆகும் என்று மெக்கானிக் போனிலேயே சொல்லிவிட்டார். எனக்குக் கண் இருட்டியது. மூன்று நாள் உபவாசம். அந்த இரும்பின் மேல் கைவைத்து, "எழும்பு" என்று அழுதேன். எண்ணெய்கூடப் பூசினேன். அது எழும்பவில்லை. எனக்குப் பசிதான் எழும்பியது.

நான்காம் நாள் காலை மெக்கானிக் வந்து பார்த்தார்.

"யாரு சார் இதுக்குத் தார்ப்பாய் சுத்துனது? காத்தே போகாம மூச்சு முட்டிச் செத்திருக்கு."

மழையில் நனைகிறதே என்று சுற்றிய புத்திசாலி நான்தான். ஆனால் விரலை அண்ணன் பக்கம் நீட்டினேன்.

"உங்க வேலைதாண்ணா. முழுக் காசும் நீங்களே வைங்க."

"ஏன்டா கோமாளி, அப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்பவும் இப்படித்தானே நழுவுன!"

உண்மை. அதனால்தான் எரிந்தது. சட்டையைப் பிடித்தேன். அறைந்தார், என் உதடு கிழிந்தது. வயிற்றில் உதைத்தேன். கழுத்தைப் பிடித்து என் தலையைச் சுவரில் மோதினார். "பேடா சார், பேடா!" என்று, வேண்டாமென்று மெக்கானிக் கன்னடத்தில் கத்தினார். அவருடைய ரென்ச் என் கைக்கு அகப்பட்டது. எறிந்துவிட்டேன்.

விரலைவிட்டுப் போன பிறகுதான் புத்தி வந்தது. "இயேசப்பா, அண்ணன் மேல படக்கூடாது!" என் வாழ்நாளிலேயே சின்ன ஜெபம் அதுதான்.

ரென்ச் அண்ணன் காதை உரசிக்கொண்டு போய் டேங்க் குழாயை உடைத்தது. தண்ணீர் பீறிட்டு அண்ணன் முகத்தில் அடித்தது. அலறினார். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. கம்ப்ரசர் ஓடியிருந்தால் அந்த முகம் வெந்திருக்கும். நான் எழுப்பச் சொல்லிக் கெஞ்சியதை ஆண்டவர் ஏன் எழுப்பவில்லை என்று அங்கேதான் புரிந்தது.

காலில் விழுந்தேன். "தார்ப்பாய் நான்தாண்ணா சுத்துனேன்."

"தெரியும்டா." காதில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தார். "எந்திரி, வழுக்கும்."

பைக்கை விற்றுப் புதுக் கம்ப்ரசர் போட்டேன். கோபம் வந்தால் இப்போது இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன். ஓடும் பஸ்ஸில் அப்படிச் செய்து விழுந்தும் இருக்கிறேன்.

உங்கள் ஜெபத்துக்கும் பதில் வரவில்லையா? சோர்ந்துபோகாமல் அவரை நம்புங்கள். என்னிடம் அவர் முடியாது என்று சொன்னதால்தான், அதோ, மூன்றாம் வரிசையில் என் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை சொல்லியும் சிரிக்கவே மாட்டேன் என்கிறார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.