ஆள் பத்தாத இடம்

மலாயாவில், செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வந்து இறங்கிய முதல் வாரமே, பிச்சையம்மாளுக்குத் தண்ணீர்க் குழாயடியில் வரவேற்பு கிடைத்தது. "நீங்க கப்பல் கப்பலா வந்து எறங்குறீங்க. எங்க கூலிலதான் கை வக்கிறான்," என்று சொல்லி ஒருத்தி அவள் குடத்தைத் தள்ளி வைத்தாள். பிழைக்க வந்தவளுக்கு அழுகைதான் வந்தது. ஆனால் அந்த அம்மாள் சொன்னதில் பொய்யில்லை. ஆள் கூடியதும் துரை கூலியைக் குறைத்தார். முணுமுணுத்தவர்களிடம், "இஷ்டமில்லாட்டி போ, அடுத்த கப்பல்ல ஆளு வருது," என்றார் அம்மாசி கங்காணி. அவருக்கென்ன, வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு உண்டு. ஆள் பெருகப் பெருக அவர் வயிறும் பெருகியது.

பால் வடிய ரப்பர் மரப் பட்டையை வெட்டியே பிச்சையம்மாளுக்கு வயது ஏறியது. முனியாண்டியைக் கட்டிக்கொண்டாள். அவன் அதிகம் பேசமாட்டான். அவள் பால் வாளியையும் சேர்த்துச் சுமப்பான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கூலி விஷயம் மட்டும் அத்துப்படி. கப்பலில் ஆள் வந்தால் கூலி இறங்கும், ஆள் குறைந்தால் ஏறும். அவ்வளவுதான் அவள் கணக்கு. போருக்குச் சில வருஷம் முன்பு இந்தியாவிலிருந்து கூலியாட்கள் வருவது நின்றது. இனி சொந்தபந்தத்தை எப்படிப் பார்ப்பது என்று கூலிக்காரர் வரிசை வீடான லயமே கவலைப்பட்டபோது, "இனி பாருங்க, நம்ம கைக்கு வெல வரும்," என்றாள் இவள். வந்தது. பக்கத்துத் தோட்டம் ஆளை இழுக்க, இந்தத் தோட்டம் கூலியைக் கூட்ட, அம்மாசி கங்காணியே லயத்து வாசலில் நின்று "வாம்மா பிச்சையம்மா" என்று கூப்பிட்டார். அதன்பிறகு எதுவானாலும் அவளைக் கேட்டுத்தான் செய்தார்கள். அந்தப் பெருமை அவளுக்குப் பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிவிட்டார். ரப்பரைச் சீந்த ஆளில்லை. லயத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று கால் வீங்கிக் கிடந்தார்கள். ஒரு படி அரிசிக்காக, நெல் விளையும் யான் என்ற ஊர் வரை நடந்துபோய், மாற்றுச் சேலையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்போதுதான் கங்காணி புதுச் செய்தி கொண்டுவந்தார். வடக்கே சயாம் நாட்டில் ரயில் பாதை போடுகிறார்களாம். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, அரிசிச் சோறு, மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம். கல்யாணமாகாத இளவட்டங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு லாரி ஏறினார்கள்.

மூன்று மாதமும் கழிந்தது. போனவர்கள் வரவில்லை, கங்காணிதான் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஒன்றரை வெள்ளி.

"போனவனுங்க ஒருத்தனும் வரலியே புள்ள," என்றான் முனியாண்டி.

"கூலிய ஏத்துறான்னா ஆளு பத்தலன்னு அர்த்தம். கையில இருக்கறவன விடுவானா? எல்லாத் தோட்டத்து ஆளும் போயி எறங்கிட்டா மறுபடி கொறச்சிருவான். போறதுன்னா இப்பவே போங்க."

"எனக்கு மனசு ஒப்பல."

"நான் சொல்லி எது தப்பிருக்கு?"

முனியாண்டி மறுநாள் காலையில் லாரி ஏறினான். எங்கோ தேடிப் பிடித்த கருவாட்டுத் துண்டை இலையில் சுருட்டிக் கொடுத்து, சிரித்துக்கொண்டேதான் அனுப்பினாள். பின்னாளில் அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் அவள் நெஞ்சு வெந்தது.

மழைக்காலம் முடிந்ததும் கங்காணி மூன்றாம் முறையாக வந்தார், கூடவே ஒரு ஜப்பான் சிப்பாய். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி, கூலி இரண்டு வெள்ளி என்றார். பக்கத்து வீட்டு ராமையா ஓரடி முன்னே எடுத்து வைத்தான். அவன் பெண்சாதி செல்லாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, நீ சொன்னாப்பல ஏறிக்கிட்டே போகுது பாரு," என்றாள்.

பிச்சையம்மாள் கணக்குப் போட்டாள். செமிலிங், பீடோங், கூலிம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் லாரி லாரியாக ஆட்கள் போயிருக்கிறார்கள். லயங்களில் ஆம்பளைச் சத்தமே குறைந்துவிட்டது. இத்தனை பேர் போய் இறங்கிய இடத்தில் கூலி இறங்கத்தானே வேண்டும்? ஏன் ஏறுகிறது?

"கங்காணியாரே, இத்தன பேரு போயும் ஆளு பத்தலன்னா, போன ஆளுங்க எங்க?" என்று கேட்டாள்.

அம்மாசி கங்காணி வாயைத் திறந்தார். சிப்பாயை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பேசியே ஆள் சேர்த்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிச்சையம்மாள் செல்லாயியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம் புருசன அனுப்பாத புள்ள. அங்க செத்துக்கிட்டு இருக்காங்க. அதான் கூலி ஏறுது."

ராமையா அன்று பொழுது சாய்வதற்குள் ஜெராய் மலையடிக் காட்டுக்குள் போய் ஒளிந்தான். அவன் பிழைத்தான்.

போர் முடிந்து, சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். பிச்சையம்மாள் ஒருவரையும் விடாமல் கேட்டாள். முனியாண்டியை வாந்திபேதிக் கொட்டகைக்குத் தூக்கிப்போனதைப் பார்த்ததாக ஒருவன் மட்டும் சொன்னான். அந்தக் கொட்டகையிலிருந்து யாரும் வெளியே வந்ததில்லையாம்.

புதுத் துரை வந்தார். மரங்கள் இருந்தன, வெட்ட ஆளில்லை. கூலி கூடியது. சம்பள நாளன்று, "ஒன் கணக்கு பலிச்சிருச்சுக்கா," என்றாள் செல்லாயி. நல்ல மனசோடுதான் சொன்னாள்.

பிச்சையம்மாள் கையிலிருந்த காசை எண்ணினாள். பிறகு சம்பளம் கொடுக்கும் கணக்கரான கிராணி பரஞ்சோதியின் மேசைக்குத் திரும்பிப் போய், கூடுதலாக வந்ததை மட்டும் பிரித்து வைத்தாள்.

"இதக் கொறச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரர அனுப்பச் சொல்லுங்கய்யா."

கிராணி காசை அவள் பக்கமே நகர்த்திவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.