எழுதத் தெரியாத எடிட்டர் அர்த்தனாரி

எடிட்டர் அர்த்தனாரி அய்யா காலமாகிவிட்டார். காலையில் ராசிபுரத்திலிருந்து அவர் மகள் போன் செய்தார்... கையில் இருந்த காபி ஆறி, ஏடு கட்டும்வரை நின்றேன்.

வயது நூற்றொன்று. எமதர்மன் ஏழெட்டு தடவை வந்து, "அய்யா புரூஃப் பார்க்கிறார், தொந்தரவு வேண்டாம்" என்று திரும்பிப் போனவன் என்பது என் துணிபு.

முதலில் அவரைப் பார்த்தது என் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போன பிரஸ்ஸில். என் பெயருக்கு முன்னால் நானே 'சேலம் ஜில்லாவின் சிங்கம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இதுல சிங்கம் யாருங்க?"

"நான்தானுங்க."

"பொய்யி அச்சேறுனா உள்ள வெச்சிருவாங்க. நான் போயிட்டு வந்தவன்." சிவப்புப் பென்சிலால் ஒரே கோடு. சிங்கம் செத்தது.

ஜெயிலுக்குப் போய் வந்தவரா! விடுவேனா... கல்யாண வேலையெல்லாம் கிடக்கட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

யுத்த காலம். வெள்ளைக்காரன் ஆட்சி. ஊரில் ஒரு வாரப் பத்திரிகை. நாலே பக்கம்தான், ஆனால் அது வெளிவரும் நாளில் லண்டன் அரண்மனையில் பீங்கான் தட்டெல்லாம் நடுங்கும்.

ஆசிரியர் என்று யார் பெயரைப் போட்டாலும் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும். அதனால் எழுதுகிறவர் பெயரைப் போடுவதே இல்லை. ஜெயிலுக்குப் போகச் சம்மதித்தவர் எவரோ, அவரே ஆசிரியர்.

இரண்டு ஆசிரியர்கள் உள்ளே போயாயிற்று. மூன்றாவதாக, அச்சு மெஷினை மிதித்துக்கொண்டிருந்த நம் அர்த்தனாரி. ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஒரு வாரம் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் பழகி... எடிட்டர்!

நாமகிரிப்பேட்டைப் பக்கம் யுத்தத்துக்கு என்று நெல்லை வண்டி வண்டியாகக் கொண்டுபோவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. மறுநாளே இவர் சேலத்தில், ஒரு இன்ஸ்பெக்டர் முன்னால்.

"நீ எழுதுனதா? எங்கே, வாசி பார்க்கலாம்."

வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தால் எழுதியவரைத் தேடிப் போவார்கள். அந்த வீட்டில் கைக்குழந்தை.

ஆனால் பாருங்கள்... பிரஸ்ஸில் ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் புரூஃபோடு ஒப்பிடுவார். மெஷின் பக்கத்தில் நின்ற இவர் அதையெல்லாம் காதில் வாங்கி வைத்திருந்தார். பேப்பரைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தார். சங்ககிரி மலை அரை அடி குனிந்து கேட்டிருக்கும்.

தன் பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்த இன்ஸ்பெக்டர் சட்டென்று நிறுத்தினார்.

"நில்லு. 'சிந்திய நெல்லைப் பொறுக்குபவனைத் திருடன் என்று எழுத என் கை வராது'ன்னு சொன்னியே... அந்த வரி இதுல எங்கே?"

இல்லை. காரம் அதிகம் என்று முதல் புரூஃபிலேயே அடித்துவிட்ட வரி அது. இவர் மனதில் ஏறியிருந்தது முதல் புரூஃப்!

"அது அடுத்த வாரத்துக்குங்க" என்றாராம்.

இன்ஸ்பெக்டருக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. இவன்தான் எழுதியவன்! ஆறு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய ஜெயில் ஒன்பது மாதம் ஆனது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது உள்ளேதான்.

சரி... எழுதியது யார்?

நாற்பது வருஷமாக இந்த ஒரு கேள்வி என் மண்டைக்குள் எறும்பு மாதிரி. நெய்க்குப் பேர்போன ராசிபுரத்துக்காரருக்கே நெய் வாங்கிப் போய் லஞ்சம் கொடுத்த மகான் நான். போன தை மாதமும் போனேன்.

"வெள்ளைக்காரன் போயி எத்தனை காலமாச்சுங்க. இனியாச்சும் சொல்லுங்க அய்யா."

"அவன் போயிட்டான் சாமி... நீ இங்கயேதான இருக்கறே?"

"யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேனுங்க."

"நெய்யி நல்லா இருக்குது. இருட்டறதுக்குள்ள ஊடு போய்ச் சேரு."

காலையில் துக்கம் சொன்ன மகளிடமும் வெட்கம் இல்லாமல் கேட்டேன். "எங்ககிட்டயும் சொல்லலீங்க" என்றார்.

அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது எண்பதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறதோ. யாருக்குப் பதிலாக யார் உள்ளே போனார் என்று அதற்காவது தெரியுமோ, என்னவோ...

இரண்டு மணிக்கு எடுக்கிறார்களாம். கிளம்பிவிட்டேன்.

போயிட்டு வாங்க, எடிட்டரய்யா.