தக்காளியும் ஒரு தலையாட்டும்

டான்சானியாவுக்கு வந்த புதிதில் தக்காளி வாங்குவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. சந்தைக்காரி ஒரு குவியலைக் கையில் அள்ளி, போடவா என்பதுபோல் பார்ப்பாள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டுவேன். அள்ளியதை அப்படியே கீழே வைத்துவிடுவாள். தேனி சந்தையில் பேரம் பேசியே வளர்ந்தவளுக்கு, விற்க வந்தவள் விற்க மாட்டேன் என்பது விளங்கவே இல்லை. பல நாள் தக்காளி இல்லாமல்தான் ரசம் வைத்தேன்.

எழுபதுகளில் மிஷன் என்னை அங்கே அனுப்பியது, பள்ளிக்கூடமே போகாத பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க. அதற்குமுன் பழனிசெட்டிபட்டியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் சரியாக எழுதினால் நான் வாய் திறக்க மாட்டேன், தலையை இடமும் வலமுமாக ஆட்டி ரசிப்பேன். அதுகளுக்கு அது போதும். அங்கே மிஷன் கோயில் தாழ்வாரத்தில் நடந்த வகுப்பிலும் அதே பாணிதான். ஆனால் மாமா நீமா, சரியாக எழுதியதைக்கூட நான் பார்த்ததும் அவசரமாக அழித்துவிடுவாள். (அங்கே ‘மாமா’ என்றால் அம்மா, இவள் நீமாவின் அம்மா.) கிறிஸ்துமஸ் அன்று சபை முன்னால் நின்று வேதம் வாசிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. அதற்காக அவரைக்குக் களையெடுத்த மண் கையோடு ஓடி வருவாள்.

ஒரு நாள் சிலேட்டை டமாரென்று வைத்தாள்.

“டீச்சர், நான் எதை எழுதினாலும் தப்பா? நாளையிலிருந்து வரமாட்டேன்.”

“தப்பா? நீ எழுதிய அத்தனையும் சரிதானே!”

“பிறகு ஏன் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி ‘இல்லை’ என்கிறீர்கள்?”

அப்போதுதான் எனக்குத் தக்காளியும் விளங்கியது. நம் ஊர் ‘ஆமாம்’ அங்கே ‘இல்லை’! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும், அழித்த எழுத்துக்கெல்லாம் சேர்த்து மாமா நீமா என்னைச் செல்லமாகத் திட்டித் தீர்த்தாள்.

அன்றிலிருந்து கழுத்தை மேலும் கீழுமாக ஆட்டப் பழக்கினேன். கிறிஸ்துமஸும் வந்தது. மாமா நீமா எழுந்து நின்று வாசித்தாள். முதல் வரி பிசகில்லாமல் வந்தது. முன்வரிசையில் இருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழகியதெல்லாம் மறந்து தலை இடமும் வலமும் ஆடிவிட்டது. அவள் சட்டென்று நிறுத்தினாள். காரியத்தைக் கெடுத்தேனே! அவளோ என்னைப் பார்த்து, அசல் தேனிக்காரி மாதிரி தலையை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். அண்ணன் வீட்டில் சாப்பாடு. மதினி இட்லியைக் கையில் எடுத்து, “இன்னும் ரெண்டு வைக்கவா?” என்றார். நான் தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

“என்ன ஆத்தா, ஓணான் கணக்கா ஆட்டுறீக? வேணுமா, வேணாமா?”

இந்த ஊருக்கு எந்தப் பக்கம் ஆட்ட வேண்டும் என்று நான் யோசிப்பதற்குள், மதினி இட்லியைத் திரும்ப வைத்து மூடிவிட்டார்.