துரை வீட்டு டாலிக்கு ஓர் இடம்

எங்கள் அப்பா ஒரு கிழ நாய்க்கு வரன் பார்ப்பதுபோல வீடு பார்த்து அலைந்திருக்கிறார். பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்த புதிது அது. அப்பா ஒரு வெள்ளைக்காரப் பஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தா. அங்கே மேனேஜராக இருந்த துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குத் திரும்புவதாக இருந்தார். அவருடைய நாய்தான் டாலி. தொங்கு காது, நரைத்த மூஞ்சி, புரை விழுந்த ஒரு கண். கிழ நாயைக் கப்பலில் ஏற்றுவதற்கில்லை, நான் கிளம்புவதற்குள் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அப்பா பதறிப்போய் அன்று மாலையே டாலியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். நாமே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். துரை பிள்ளைபோல வளர்த்த நாய், பிஸ்கோத்து தின்று வளர்ந்த உடம்பு, நம் வீடு அதற்குப் பற்றாது என்றார் அப்பா. அவர் சொன்னதற்கு ஏற்றாற்போல டாலியும் அவர் உள்ளே வரும்போதெல்லாம் நடுங்கிக்கொண்டு வெந்நீர் அடுப்புக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது. எசமானைப் பிரிந்த ஏக்கம் என்றார். என்னிடம் மட்டும் ஒட்டிக்கொண்டதால், வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் கயிறு என் கைக்கு வந்தது.

போகிற இடத்தில் மதிப்பாக இருக்கட்டும் என்று அப்பா கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு, ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகும் பூட்ஸையும் காலில் மாட்டிக்கொள்வார். பூட்ஸ் துரை கொடுத்தது. அவருடைய பழைய ஜோடி. அப்பாவின் காலுக்கு அரை விரல் பெரிது என்பதால் முனையில் பஞ்சு அடைத்திருந்தார். பஞ்சுக்கு எங்கள் வீட்டில் பஞ்சம் இல்லை. தெருமுனையில் திரும்பும்போதே பூட்ஸ் சத்தம் கேட்கும். அதைக் கேட்டு அக்கம்பக்கத்தில் எழுந்து நிற்பவர்களும் உண்டு. அதில் எனக்குப் பெருமைதான்.

முதலில் கருமத்தம்பட்டிப் பக்கம் பெரியப்பாவின் தோட்டம். கம்போடியாப் பருத்தி நல்ல விலைக்குப் போன வருஷம். காவலுக்கு ஒரு நாய் வேண்டியிருந்தது. பெரியப்பா தோல் செருப்பு கிறீச்சிட எதிரே வந்தார். டாலி மாட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வர மறுத்துவிட்டது. அவர் முகம் மாறியது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் யாரையும் பார்த்து மாட்டேன் என்று சொல்லிவிட மாட்டார்கள். தாராளமாக விட்டுவிட்டுப் போ தம்பி, நம் வீடுதானே என்றார். அப்பா அதை அப்படியே நம்பி, மோர் குடித்துவிட்டு, என் அழுகையையும் அடக்கிக் கூட்டிவந்தார்.

இரண்டாம் நாள் பண்ணையாள் வண்டியில் வந்து இறங்கினான். ஒரு கூடை கத்தரிக்காய், ஒரு மூட்டை நிலக்கடலை, கூடவே டாலி.

"ரொம்ப நல்ல நாயுங்க. எங்க தோட்டத்துக்குத்தான் குடுத்து வெக்கிலீங்க. அப்புடின்னு சொல்லச் சொன்னாருங்க."

அடுத்து ஆர்.எஸ்.புரத்தில் வக்கீல் மாமா. அவரும் சந்தோஷமாக வைத்துக்கொள்கிறேன் என்றார். கோர்ட்டுக்குக் கிளம்பி அவர் பூட்ஸோடு நடையில் இறங்கும்போதெல்லாம் டாலி நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டதாம். மூன்றாம் நாள் ஒரு தார் பூவன் பழத்தோடு திரும்பி வந்தது. இன்னும் இரண்டு வீட்டில் விட்டுப் பார்த்தால் இந்த மாதச் சாமான் வாங்க வேண்டியதில்லை என்றாள் அம்மா. அப்பா சிரிக்கவில்லை. துரை கிளம்ப ஒரு வாரம்கூட இல்லை. எனக்கு எந்த நேரமும் துப்பாக்கி நினைப்பாகவே இருந்தது.

அன்று அப்பா குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். டாலி அடுப்பின் பின்னாலிருந்து தானாகவே வந்து அவர் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டது. அப்பா அசையாமல் இருந்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசலுக்குப் போய், அங்கே கழற்றிப் போட்டிருந்த பூட்ஸ் ஒன்றை எடுத்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். டாலி பழையபடி அடுப்புக்குப் பின்னால் ஓடிவிட்டது.

"ஏனுங்க, அது உங்களக் கண்டு பயப்படுலீங்க. இதக் கண்டுதானுங்க பயப்படுது. இதப் போட்ட காலுல எத்தன ஒதை வாங்குச்சோ, பாவம்."

துரை அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லத்தான் அப்பா வாயெடுத்திருப்பார். ஆனால் அந்தப் பூட்ஸைத் தாமே எடுத்துப் பரணில் போட்டார். மறுநாள் வெறுங்காலோடு ஆபீசுக்குப் போனார். டாலிக்கு இடம் கிடைத்துவிட்டது, எங்கள் வீடுதான் என்று துரையிடம் சொல்லிவிட்டு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துரையே இடத்தைப் பார்க்க வந்துவிட்டார். வாசல் கல்லில் சத்தம் கேட்டதும் டாலி கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கியது. நானும் பின்னாலேயே புகுந்து அதைக் கட்டிக்கொண்டேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்துகொண்டார். கீழேயிருந்து எனக்குக் கால்கள் மட்டுமே தெரிந்தன. துரையின் பூட்ஸ் அகன்று நின்றது. எதிரே அப்பாவின் வெறுங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. தோள் துண்டு அவர் இடுப்புக்கு வந்திருக்க வேண்டும். அதன் முனை முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கியது.

துரை சீட்டியடித்து நாயைக் கூப்பிட்டார். டாலி போகவில்லை. இன்னும் இப்படித்தான் இருக்கிறதா, சுட்டுவிடுவதே அதற்கு நல்லது என்று தம் அரைகுறைத் தமிழில் சொன்னார். நான் டாலியின் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"வேண்டாமுங்க துரை. வயிறு நெறயத் தின்னுபோட்டுத் தூங்குதுங்க. இங்கயே இருக்கட்டுங்க."

தாம் கொடுத்த பூட்ஸ் எங்கே என்று துரை கேட்டார். நல்ல நாளைக்கென்று பத்திரமாக எடுத்து வைத்திருப்பதாக அப்பா சொன்னார். துரை சிரித்தார். பூட்ஸ் திரும்பி வெளியே போயிற்று. கல்லில் அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகும் அப்பா உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்தவருக்கு எழுந்து மரியாதை செய்தார் என்றுதான் நினைத்தேன். அந்த வெறுங்கால்கள் ஏன் அப்படி நடுங்கின என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பயப்படாதே, பயப்படாதே என்று நான் டாலியின் காதில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.