காலி மாடம்

“கட்டிலத் தொடாதீங்க தம்பி. அவரே அதுல நிம்மதியாத் தூங்கினதில்ல!” என்று சொல்லிக்கொண்டே தொய்ந்த கயிற்றை இழுத்துக் கொக்கியில் மாட்டுகிறார் கயிற்றக்கா. பார்வையாளர்கள் எல்லை தாண்டாமலிருக்க அறைக்கு அறை குறுக்கே கட்டியிருக்கும் சிவப்புக் கயிறு அது. பொழுதுக்கும் அதைச் சரி செய்துகொண்டே இருப்பதால் வந்த பெயர். அரசாங்கக் கணக்கில் அவர் வழிகாட்டி.

நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதிய தலைவர் வாழ்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். கீழே இருக்கும் சாப்பாட்டு மேசையில்தான் அவரும் தோழர்களும் உட்கார்ந்து எழுதினார்கள். சட்டத்தில் கடவுள் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று அங்கே நடந்த ரகளையை அக்கா சொல்லித்தான் கேட்க வேண்டும். தோழர்களில் ஒருவர் விரதம் தவறாதவர். இன்னொருவருக்குக் கடவுள் என்றாலே இளக்காரம். “விரதக்காரர் தன் பங்குப் பழத்த அவர் பக்கம் தள்ளி விட்டுட்டு, தின்னுட்டுப் பேசுய்யான்னு சண்டை போட்டாராம்!” கடைசியில் மனிதரின் வழிபாட்டில் அரசுக்கு வேலையில்லை என்ற வரியில் வந்து நின்றார்கள். அதற்கு முதலில் கையெழுத்துப் போட்டவர் விரதக்காரர்.

அந்த வீட்டில் வாழ்ந்த தலைவர் இதில் எந்தக் கட்சி? அதுதான் யாருக்கும் தெரியாது. அவருடைய படுக்கையறைச் சுவரில் ஒரு மாடம், அதில் ஒன்றுமில்லை. என்ன இருந்தது என்று கேட்காமல் யாரும் மாடியிறங்க மாட்டார்கள். அவரவர் விடையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேள்வியே கேட்பார்கள்.

“சாமி வெச்சுக் கும்பிட்டிருக்கலாம். சவரக் கண்ணாடி வெச்சிருக்கலாம். நான் பாக்கல” என்று முடித்துவிடுவார் அக்கா.

“ஏதாச்சும் அள்ளி விடுங்கக்கா, சந்தோஷமாப் போவாங்கல்ல?” என்பார் கீழே நுழைவுச்சீட்டுக் கொடுப்பவர்.

“அவங்க சந்தோஷமாப் போயிடுவாங்க. எனக்கு ராத்திரி சோறு இறங்க வேண்டாமா?”

இத்தனைக்கும் பக்தியில் அக்கா யாருக்கும் சளைத்தவர் அல்ல. வேலை முடிந்ததும் நேரே வழிபாட்டுக் கூடம்தான். அங்கே வேதம் வாசிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் கூடத்தின் தலைவர் வேறு இப்போது சம்பந்தியாகப் போகிறார். மகளுக்கு அவர் மகனைப் பேசி முடித்திருக்கிறார்கள். பெண் ஆசைப்பட்ட பையனே அமைந்ததில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

போன வாரம் அந்தச் சம்பந்தியே நான்கு பேரோடு மாடியேறி வந்தார். மார்போடு அணைத்திருந்தது பட்டில் சுற்றிய வேதப் புத்தகம். சட்டம் எழுதிய தலைவர் இளவயதில் நம் கூடத்துக்கு வந்து போனவராம். அவர் பிறந்தநாளுக்குப் பத்திரிகைக்காரர்கள் வருவதற்குள் புத்தகத்தை மாடத்தில் வைத்துவிட வேண்டுமாம்.

“கயித்தக் கொஞ்சம் அவுத்து விடுங்க சம்பந்தி.”

அக்காவுக்கு மகள் முகம் கண்முன் வந்தது. ஆனாலும் கை கொக்கிப் பக்கம் போகவில்லை.

“வீட்டு விசேஷத்துல நீங்க சொல்றதுதான் சம்பந்தி. இங்க வேணாம்.”

“நம்ம சாமிக்கு நீங்களே குறுக்க நிக்கலாமா?”

“நாளைக்கு இன்னொருத்தர் அவங்க புத்தகத்தத் தூக்கிட்டு வருவாரு. அரசாங்கம் நம்மளத எடுக்கச் சொல்லும். நான் எந்த மனசோட அதத் தொட்டு எடுப்பேன், சொல்லுங்க?”

சம்பந்தி போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினார். கூட வந்தவர்களில் ஒருவர் மட்டும் திரும்பி, “பொண்ணக் குடுக்கிற எடத்துல இப்படியா?” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அன்று அக்கா சாயங்காலம் கூடத்துக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். ‘எனக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கும், சாமி என்ன பண்ணிச்சு?’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

கூடத்து வாசலில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். உள்ளே எல்லோரும் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. அக்கா தயங்கித் தயங்கிப் படியேறினார்.

“மருமக வரலியா?” என்றார் சம்பந்தி.

மருமகள் என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “வந்துக்கிட்டிருக்கா” என்றார்.

“சரி, வாசிக்க நேரமாச்சு. யோசிச்சுப் பாத்தேன். வெச்சிட்டு எடுக்கிறது கஷ்டந்தான்” என்று புத்தகத்தை நீட்டினார் அவர்.

வாங்கப்போன அக்கா சட்டென்று நின்றார். கழுத்தில் தொங்கிய அருங்காட்சியக அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு மூடிவிட்டு, அப்புறம்தான் கையை நீட்டினார்.