பின்பக்கமாக ஏறிய வண்டி

ஆஸ்பத்திரி மேட்டில் தினமும் ஏற நர்ஸுக்கு ஒரு பழைய கார் தேவை. புரோக்கரின் டீசல் வண்டி, பின்சக்கரங்கள் தள்ள, ஈரச் சரளையில் ஏறிவிட்டது. மெக்கானிக் அக்கா சிபாரிசு செய்த சின்னப் பெட்ரோல் வண்டியோ, இழுக்கும் முன்சக்கரங்கள் வழுக்கிப் பாதியில் நின்றது.

"பொம்பளைகிட்ட வண்டி பத்திக் கேட்டா இப்படித்தான்!" என்று புரோக்கர் சிரித்தார்.

பதினெட்டு வருடமாகக் காருக்கடியில் படுத்து இதே கேலியைக் கேட்டவள் அக்கா. பெட்ரோல் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டாள். வண்டி பின்பக்கமாகவே மேடேறியது!

நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்தாள். "எப்படிக்கா?"

"மேட்டுல பாரம் கீழ்ப்பக்கமா சாயும் சிஸ்டர். இழுக்கிற சக்கரம் அங்க இருந்தா பிடிமானம் வந்துடும். அவ்வளவுதான்."

"எனக்கு இந்தச் சின்ன வண்டியே போதும். ஈரமா இருக்கிற நாள்ல மட்டும் ரிவர்ஸ்ல ஏறிக்கிறேன்," என்றாள் நர்ஸ்.

புரோக்கர் குனிந்து அந்த முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.