நட்சத்திரக் குறிக்குக் கீழே

காலை பத்து நாற்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது ஒரு சிறுமியின் வாய். மடிக்கணினித் திரையில் அது கொட்டாவிக்கோ பதிலுக்கோ திறந்திருந்தது, மூடவில்லை. பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு பிள்ளை பென்சிலைக் கன்னத்தில் வைத்தபடி அசையாமல் இருந்தது. கீழே இருந்த இரண்டு கட்டங்களில் முகம் இல்லை, பெயரின் முதல் எழுத்து மட்டும். மதிப்பெண் போட வந்தவர்கள் அவர்கள்தான்.

என் தங்கை திரைக்கு முதுகைக் காட்டி நின்று வெள்ளைப் பலகையில் ஒரு வட்டத்தை நான்காகப் பிரித்து, ஒரு பங்கைக் கோடுகளால் நிரப்பிக்கொண்டிருந்தாள். நிரப்பி முடித்ததும், அது எவ்வளவு என்று பிள்ளைகளைக் கேட்டாள். பதில் வரவில்லை. யோசிக்கிறார்கள் என்று நினைத்து, பலகையைப் பார்த்தபடியே காத்திருந்தாள். அவசரப்படுத்தாமல் காத்திருப்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு என்று முந்தின வாரம் என்னிடம் சொல்லியிருந்தாள்.

புவனகிரிப் பக்கம் ஒரு செய்திக்குப் போய்விட்டு, சிதம்பரத்தில் அவள் வீட்டு மாடியேறி, கையில் ஹெல்மெட்டோடு அறை வாசலில் நின்றிருந்தேன். திரை நின்றுபோனதை அவளுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். வகுப்பின் நடுவே பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் பேசவில்லை. அவள் திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை நான் கணக்கிடவில்லை. செய்திக்காரன் கணக்கிட்டிருக்க வேண்டும்.

அவள் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். குறிஞ்சிப்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்தபின் தினமும் பஸ்ஸில் போய்வர முடியாமல் விட்டுவிட்டாள். வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு சொல்லித்தரும் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்விலும் தேறியிருந்தாள். மாதிரி வகுப்பு ஒன்றுதான் பாக்கி. அதில் தவறினால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அவள் வீட்டில் கம்பி வழி இணையம் கிடையாது. செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினியோடு இணைத்துக்கொள்வாள். அதற்காகத்தான் பழைய எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றி, அளவில்லாத டேட்டா என்று சொன்ன புதிய திட்டத்துக்குப் போயிருந்தாள். அந்தத் திட்டத்தைப் பற்றி அவள் படித்தது பத்திரிகையில். எழுதியது நான்.

அது எப்படி எழுதப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் கடலூரில் இருந்துகொண்டு மாவட்டச் செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர். எங்களைப் போன்றவர்கள் செய்தியோடு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். ஆடிச் சிறப்பு மலருக்காக, சிதம்பரத்தில் இரண்டாவது செல்போன் கடை திறந்தவர் ஒருவர் கால் பக்க விளம்பரம் கொடுத்தார். கம்பெனி அனுப்பிய வாசகத்தின் கீழே நட்சத்திரக் குறி போட்டு மூன்று வரி இருந்தது. அளவில்லாத டேட்டா அந்தப் போனுக்குள் மட்டும்; ஹாட்ஸ்பாட் மூலம் வேறு கருவிக்குக் கொடுப்பதற்கு மாதத்துக்குத் தனி வரம்பு உண்டு; வரம்பு தாண்டினால் வேகம் குறையும். இவ்வளவுதான் அந்த வரிகள் சொன்னவை. கடைக்காரர் தன் மாமனாரின் படமும் வர வேண்டும் என்று கடைசி நேரத்தில் சொன்னார். இடம் இல்லை. பக்கம் வடிவமைப்பவரிடம் போனில் பேசி, அந்த மூன்று வரியையும் சுருக்கச் சொன்னேன். ஒரே வரியாக, கோடு போலத் தெரியும் அளவுக்கு அது சுருங்கியது. மாமனார் சால்வையோடு வந்துவிட்டார்.

கால் பக்கம் கொடுத்தால் பக்கத்தில் ஒரு செய்தியும் போடுவது எங்கள் வழக்கம். புதிய கிளை திறப்பு, குத்துவிளக்கு ஏற்றியவர், புதிய திட்டம் அறிமுகம் என்று அரை மணி நேரத்தில் எழுதி அனுப்பினேன். "அளவில்லாத டேட்டா வசதி சிதம்பரத்தில் அறிமுகம்" என்று தலைப்பும் நானே கொடுத்தேன். செய்தியில் நட்சத்திரக் குறி போடுவதில்லை.

மலர் வந்த அன்று தங்கை அந்தச் செய்தியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, இது நான் எழுதியதுதானே என்று கேட்டாள். என் பெயர் வராவிட்டாலும் என் நடை அவளுக்குத் தெரியும். நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன். அந்த வாரமே அவள் அந்தத் திட்டத்துக்கு மாறிவிட்டாள்.

பிறகு ஒருமுறை, மாதிரி வகுப்புக்காக, தன்னோடு படித்த தோழியோடு தினமும் மதியம் மடிக்கணினியில் வீடியோ போட்டு ஒத்திகை பார்ப்பதாகச் சொன்னாள். டேட்டா ஜாஸ்தி போகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். கடலூர் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே நான் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அன்லிமிட்டெட்தான? நல்லா ஓட்டிப் பாரு."

பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த மூன்று வரியை நான் படித்திருந்தேன். எத்தனை எழுத்து, எவ்வளவு இடம் என்று பார்ப்பதற்காகப் படித்திருந்தேன்.

அன்று ஒருவழியாக அவள் பலகையை விட்டுத் திரும்பித் திரையைப் பார்த்தாள். முதலில் மடிக்கணினியைத் தொட்டாள். பிறகு போனை எடுத்து, அணைத்துப் போட்டாள். என்னைப் பார்த்தாள். நான் என் போனை நீட்டினேன். காலையில் எடுத்த வீடியோக்களை அலுவலகத்துக்கு அனுப்பியதில் என் அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது. கீழே பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கணவரைக் கூப்பிட்டோம். சேத்தியாத்தோப்பில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். வகுப்புக்காக அன்று கடையைத் தாமதமாகத் திறப்பதாகச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார். அவர் போனில் இருந்தது தினசரி அளவு உள்ள சாதாரணத் திட்டம். அது உடனே வேலை செய்தது.

திரை திரும்ப வந்தபோது பிள்ளைகள் இல்லை. முகம் இல்லாத கட்டங்களில் ஒன்று மட்டும் இருந்தது. அந்தப் பெண் குரல் மரியாதையாகப் பேசியது. வகுப்பு நேரம் முடிந்துவிட்டது, முடிவு மின்னஞ்சலில் வரும் என்றது. தடையில்லாத இணைப்பும் தகுதியில் ஒன்று என்பதையும் நினைவூட்டியது. தங்கை நன்றி சொன்னாள். பலகையிலிருந்த வட்டத்தை உடனே அழிக்கவில்லை.

காரணம் போனிலேயே இருந்தது. ஹாட்ஸ்பாட் வரம்பு முடிந்துவிட்டதென்று முந்தின நாள் மாலை குறுஞ்செய்தி வந்திருக்கிறது. காலர் டியூன், லோன், தள்ளுபடி என்று வந்த பத்துப் பதினைந்தின் நடுவே, ஆங்கிலத்தில். அவள் கணவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மழ வரும்னு நீங்க எழுதுனா நாங்க கொடகூட எடுத்துக்கினு போறதில்ல மச்சான். இத மட்டும் எப்படியோ நம்பிட்டோம்."

வழக்கமான கேலிதான். வேறொரு நாளென்றால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். தங்கை சிரிக்கவில்லை.

"அண்ணா, இது உனக்குத் தெரியுமா?"

"வெளம்பரத்துல கீழ போட்ருந்துச்சும்மா."

போட்டிருந்தது. யார் போட்டது என்று சொல்லாமல் எழுதுவது எங்களுக்குக் கைவந்த பழக்கம்.

"நான் வெளம்பரத்தப் படிக்கலண்ணா. நீ எழுதுனதத்தான் படிச்சேன்."

அதற்குப் பிறகு எனக்கு இட்லி வைத்தாள். சட்னி தீர்ந்துவிட்டதென்று பொடி வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

அங்கிருந்து நேராக அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுந்து நின்று வரவேற்று, டீ சொன்னார். அவருடைய மேசைக்குப் பின்னால் எங்கள் மலரின் கால் பக்கம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்த வரியைப் படிக்க முடியவில்லை. தங்கையின் விஷயத்தைச் சொன்னதும் அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஹாட்ஸ்பாட்டுக்கென்று தனி ரீசார்ஜ் இருக்கிறது, தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். பழைய கம்பெனிக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டேன். ஒருமுறை மாறினால் தொண்ணூறு நாள் அங்கேதான் இருக்க வேண்டும், அது எல்லாக் கம்பெனிக்கும் உள்ள விதி என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். அந்த வரிய நீங்கதான சின்னதாக்குனீங்க? கம்பெனிலகூடக் கேட்டாங்க, ஏன் இப்பிடின்னு. நான்தான் பேப்பர்ல எடமில்லன்னுட்டேன்."

டீயைக் குடித்து முடித்தேன். எழுந்தபோது, தீபாவளி மலருக்கும் தன் கால் பக்கம் உண்டு, செய்தியையும் மறந்துவிட வேண்டாம் என்றார்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு அலுவலகத்தில் துணை ஆசிரியரைக் கூப்பிட்டேன். ஆடி மலரில் வந்த செய்திக்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். அவர் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தார். கிளை திறந்தது சரி. விளக்கேற்றியவர் பெயர் சரி. திட்டத்தின் பெயர் கம்பெனி வைத்ததே. எந்த வரி தப்பு, அதைச் சொல்லுங்கள், திருத்தம் போடுகிறேன் என்றார். என்னால் ஒரு வரியையும் காட்ட முடியவில்லை. தவறாக அச்சானதைத்தான் திருத்துவார்கள். விட்டுப்போனதற்குத் திருத்தம் போட்டால் தினமும் ஒரு பக்கம் வேண்டும் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது அவர்மேல் அல்ல.

அந்த வாரக் கடைசியில் தங்கைக்கு மின்னஞ்சல் வந்தது. பாடம் நடத்திய விதத்தைப் பாராட்டியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது. அவள் அதை எனக்கு அனுப்பவில்லை. அவள் கணவர்தான் அனுப்பினார், கேலி எதுவும் சேர்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வழக்கம்போலப் பேசினாள். பிள்ளைகள், வெயில், மாமியாரின் கண் ஆபரேஷன். ஏதாவது வாங்க வேண்டுமென்றால் முன்பு என்னைக் கேட்பாள்; மிக்ஸி எது நல்லது, அந்தப் பள்ளிக்கூடம் எப்படி, இந்தச் செய்தி உண்மையா. நான் அதை ஒரு தொந்தரவாக நினைத்த நாட்களும் உண்டு. இப்போது கேட்பதில்லை. ஒருமுறை நானாகவே ஒரு காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "அவுங்க வெப்சைட்ல முழுசா படிச்சிட்டேண்ணா" என்றாள். குரலில் கோபம் இல்லை.

தீபாவளி மலருக்குக் கடைக்காரரின் கால் பக்கம் வந்து சேர்ந்தது. நிபந்தனை வரிகளைச் சுருக்க வேண்டாம் என்று வடிவமைப்பவரிடம் சொன்னேன். இந்த முறை மாமனார் படம் இல்லாததால் இடமும் இருந்தது. செய்தியையும் எழுதினேன். புதிய போன்கள், திட்டங்கள், பரிசுக் கூப்பன். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு உண்டு, மடிக்கணினியில் வகுப்போ வேலையோ செய்பவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தெளிவாக இரண்டு வாக்கியம் சேர்த்தேன். அவற்றைக் கடைசிப் பத்தியில் வைத்தேன். முதல் பத்தியில் வைத்தால் கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று தோன்றியது. இடம் போதாத செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள் என்பது எனக்கு இருபது வருடமாகத் தெரியும்.

மலர் வந்த அன்று காலை கடலூரில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பிரதி வாங்கி, பத்திரிகைக் கடை வாசலிலேயே விரித்துப் பார்த்தேன். செய்தி பரிசுக் கூப்பனோடு முடிந்திருந்தது.

தங்கை பழைய கம்பெனிக்குத் திரும்ப அன்றைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.